பெயர் சொன்னால் வரும் கட்டளை

உலாவியில் ஒரு விசையைத் தட்டினால் சிறு பெட்டி ஒன்று திறக்கிறது. இரண்டு மூன்று எழுத்து அடித்ததும் திறந்திருக்கும் டேப்கள், புக்மார்க்குகள், பார்த்த பக்கங்கள், மெனுவின் அடியில் புதைந்து கிடக்கும் கட்டளைகள் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து நிற்கின்றன. 2015-ல் சோதனைப் பதிப்பாக வந்த விவால்டியில் எஃப்2 விசை இதைத் திறக்கும். கமாண்ட் பேலட் என்பது இந்த வகைப் பெட்டிக்குப் பொதுப்பெயர். நிரலாளர்களின் கறுப்புத் திரையில் பிறந்தது, கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கே பயன்படும் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிகிறது.

பேலட்டைப் பரவலாக்கியது 2011-ல் சோதனைப் பதிப்பாக வந்த சப்லைம் டெக்ஸ்ட் 2 என்ற எடிட்டர். அதற்கும் மூத்தது, 1976-ல் எம்ஐடியில் உருவான ஈமேக்ஸ். அதன் மரபில், மெட்டா-எக்ஸ் என்ற விசைக்கூட்டை அழுத்தி எந்தக் கட்டளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் பெயர் தெரியாமல் விழிப்பவரிடம் அது தானாக வாய் திறக்காது. கேட்டால்தான் பட்டியல் வரும். சப்லைம் பட்டியலை முதலிலேயே விரித்து வைத்தது. எழுத்துகளை விட்டுவிட்டு அடித்தாலும் பொருத்தமானதை எடுத்துக் கொடுத்தது. கட்டளைக்கு எதிரே அதன் குறுக்குவிசையையும் காட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கறுப்புத் திரையின் சொத்து. இருப்பதையெல்லாம் கண்முன் காட்டுவது மெனுவின் குணம். இரண்டும் சேர்ந்த பிறகுதான் பேலட்.

இந்தச் சேர்க்கை வலைக்குப் புதிதல்ல. மவுஸ் இல்லாத சாதாரண டெர்மினலிலும் வலையைப் பார்க்க வேண்டும் என்று 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் நிக்கோலா பெல்லோ எழுதிய லைன் மோட் உலாவியில், ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். எண்ணை அடித்தால் அந்தப் பக்கம் வரும். திரையின் கடைசி வரி, அப்போது என்னென்ன அடிக்கலாம் என்பதையும் சொல்லிவிடும். பேலட் இதன் நேர்வாரிசு என்று நான் வாதிடவில்லை. அடித்து வேலை வாங்கும் உலாவி மனப்பாடத்தைக் கேட்கத் தேவையில்லை என்பதற்கு இது பழைய சாட்சி.

முகவரிப் பட்டையே போதாதா என்று கேட்கலாம். எங்கே போவது என்பதற்கு அது போதும்; டேப்பை மூடு, ஒலியை நிறுத்து போன்ற செயல்களுக்காக உருவானதல்ல. 2020-ல் குரோம் தன் முகவரிப் பட்டையிலேயே சில கட்டளைகளை ஏற்கத் தொடங்கியது. பட்டை பேலட்டை நோக்கி நகர்கிறது என்பதுதானே இதன் பொருள்? 2008-ல் மொசில்லா லேப்ஸ் வெளியிட்ட, கட்டளைகளை அடித்து இயக்கும் யுபிக்விட்டி என்ற உலாவித் துணைநிரல் ஏன் நிலைக்கவில்லை என்பது இதைவிட வலுவான கேள்வி. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வடிவமைப்பில் எனக்குத் தெரியும் குறை ஒன்று: எந்த வினைச்சொல்லில் தொடங்குவது என்ற பாரம் பயனர் தலையில் விழுந்தது. அடிக்கத் தொடங்கினால் பரிந்துரை வரும். தொடங்குவதற்கே ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே உலாவிக்குப் பேலட் வடிவமைப்பவர்கள் வேகத்தைக் கணக்கிடுவதற்கு முன் ஒன்றைச் சோதிக்கட்டும்: பெட்டி திறந்ததும், ஓர் எழுத்தும் அடிக்காதவருக்கு அது என்ன காட்டுகிறது? ஒன்றும் காட்டாவிட்டால் அது பேலட் ஆகாது.