தராசு முள்ளைக் காட்டி நிறுத்துத் தந்தவர்களுக்கு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர், சம்மாந்துறை ஊர்களின் முஸ்லிம் காக்காமாருக்கும் ராத்தாமாருக்கும்,



நான் கல்முனையில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்த சபைக்காரி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சந்தைக்குள் இறங்கினால் "ரீச்சர், வாங்க" என்று உங்களில் ஒருவராவது கூப்பிடுவீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுக்கும் வேலை இன்னும் என் கையில் இருக்கிறது. அந்த வேலையில் நான் உங்களுக்குப் பட்டிருக்கும் கடனைப் பகிரங்கமாகச் சொல்லவே இந்த மடல்.

நோன்புக் கஞ்சிக்கும் பெருநாள் இறைச்சிக்கும் நத்தார் கேக்குக்கும் நன்றி சொல்லும் எழுத்துகள் வருடாவருடம் வருகின்றன. நல்லவைதான். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

எங்கள் கையில் வேதாகமத்தைக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம் நிறையுமுன் 1815இல் அங்கேயே மரித்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயரின் பெயர் எங்கள் சபைகளில் மறக்கப்படவில்லை. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் நடத்திய பாடசாலையில்தான் காரைதீவுச் சிறுவன் மயில்வாகனன், பிற்காலத்து விபுலாநந்த அடிகள், ஆங்கிலம் படித்தார். இவையெல்லாம் சபை மலர்களில் வந்துவிட்டன. புத்தகத்தில் உள்ளதை நாள்தோறும் என் கண்முன் நடத்திக் காட்டியவர்களைப் பற்றி ஒருவரும் எழுதி நான் பார்க்கவில்லை. அவர்கள் நீங்கள்.

நீதிமொழிகள் நூலைத் திறந்தால் கடைத்தெருவும் வயலும் வீட்டு முற்றமும்தான் முன்னே வரும். தராசு, அடகு, கடன், பிணை நிற்றல், எல்லைக்கல், வாய்த் துடுக்கு, சோம்பல், அயலவன். பலிபீடத்தைப் பற்றிய பேச்சு அதில் மிகக் குறைவு. பொய்த் தராசைக் கடவுள் வெறுக்கிறார் என்பதை அந்த நூல் மூன்று இடத்தில் சொல்கிறது. அதை நான் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வந்தபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது கல்முனை பசாரில் இருந்த ஒரு ஹாஜியாரின் பலசரக்குக் கடை.

அவர் மௌத்தாகிப் பல வருடமாகிறது. தொங்கு தராசுக் காலம். பருப்புக் கேட்டால் முதலில் தட்டைக் கவிழ்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். முன்னவருக்கு நிறுத்த சீனியோ கடுகோ ஒட்டியிருந்தால் விழுந்துவிடும். பிறகு தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் வந்து நிற்கும்வரை பேசாமல் இருப்பார். நான் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் படிக்கல்லை வைப்பார். பருப்பைப் போடும் கடதாசிப் பைக்குச் சமமாக ஒரு வெறும் பையை மடித்துப் படிக்கல்லின் பக்கத்துத் தட்டில் வைப்பார். அந்தப் பையின் பாரம் எவ்வளவு இருக்கும்? காசு கணக்கில் ஒன்றுமேயில்லை. "பையைப் பருப்பெண்டு வித்தா அல்லாஹ்ட்ட கணக்குச் சொல்லணும் ரீச்சர்" என்பார். குர்ஆனின் 83ஆவது சூரா அளவில் மோசம் செய்கிறவர்களுக்கான எச்சரிக்கையோடு தொடங்குகிறது என்பதை எனக்குச் சொன்னவரும் அவரே. இப்போது அவர் மகன் மின் தராசு வைத்திருக்கிறார். இலக்கம் பூச்சியத்துக்கு வந்ததும் அதன் முகத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பொருளை வைக்கிறார். அந்த ஞாயிறு பாடத்துக்கு எனக்கு வேறு படம் தேவைப்பட்டதில்லை.

2022ஐ நாம் யாரும் மறக்கப்போவதில்லை. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் வயற்காரரின் கையும் காலி. அந்த நாட்களில் உங்கள் கடைகளின் கடன் கொப்பிகள் மூடப்படவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மீனவரின் மனைவி காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துப் பால்மா கேட்டாள். கடைக்காரக் காக்கா தோட்டை அவள் பக்கமே தள்ளிவிட்டு, கொப்பியை எடுத்துப் பெயரை எழுதினார். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே, அவன் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, அதைத் தவிர அவனுக்குப் போர்த்திக்கொள்ள வேறு ஏது என்று யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம் கேட்கிறது. கிட்டத்தட்ட மூவாயிரம் வருடப் பழைய சட்டம் என்று சிலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அது அந்த மேசையும் அந்தத் தோடும்.

வயலுக்கு வருகிறேன். ரூத்தின் சரிதை உங்களில் பலருக்குத் தெரியாமலிருக்கலாம். புருஷனை இழந்த மோவாபியப் பெண். வேற்று இனம், வேற்று ஊர். மாமியோடு பெத்லகேமுக்கு வந்து, அறுவடை நடக்கும் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிச் சீவிக்கிறாள். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று லேவியராகமத்தில் கட்டளை உண்டு. நிலக்காரரான போவாஸ் கட்டளைக்கும் ஒருபடி மேலே போகிறார். கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விழவிடும்படி வேலையாட்களுக்குச் சொல்கிறார். அவள் கை நீட்டி வாங்கவில்லை, உழைத்துப் பொறுக்கினாள் என்ற மானம் அவளுக்கு மிஞ்ச வேண்டும் என்பதே அவர் கவலை.

சம்மாந்துறை வட்டையில் பெரும்போகம் வெட்டும் மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்து விதவைகளும் கதிர் பொறுக்கப் போனார்கள். நிலக்காரப் போடியார்மார் விரட்டவில்லை. சூடு குவித்த இடத்தைச் சுற்றிக் கிடந்ததைக் கூட்டி அள்ளவும் விட்டார்கள். இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. வரம்போரத்தில் மிஞ்சுவது கொஞ்சம். அதனால் நெல்லை மூட்டை கட்டுமுன் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறவர்களை நான் அறிவேன். மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்று ஸக்காத்துக்கு உங்களிடம் ஒழுங்கு உண்டு. அது போகும் இடங்களுக்கும் ஒழுங்கு உண்டு. அதற்கு மேலே விரும்பிக் கொடுக்கும் ஸதக்காவாக ஒதுக்கிய நெல்லில் எங்கள் வீட்டுச் சாக்குகளும் நிரம்பின. யாருடைய பிள்ளை, எந்தக் கோயில் என்று களத்தில் கேட்டதில்லை.

மருதமுனை ராத்தாமாரைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். விடியுமுன் எழும்பி, நூல் நூற்று, துணி நெய்து வியாபாரிக்கு விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டு, வாசலில் நிற்கும் ஏழைக்குக் கையைத் திறக்கிறாள். எங்கள் கலியாணப் பிரசங்கங்களில் இவளை அடக்கமான இல்லத்தரசியாகவே வர்ணிப்பார்கள். அவள் தொழிலாளி, வியாபாரி. அதைத் தறிச் சத்தம் கேட்கும் உங்கள் ஒழுங்கைகளில் நடந்தபோது தெரிந்துகொண்டேன்.

வேதாகமத்தின் ஞானத்தைப் பிற மதத்தாரிடம் படிக்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. 1923இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பபிரஸ் ஏட்டை வாலிஸ் பட்ஜ் பதிப்பித்தார். அமெனெமோப் என்ற எகிப்திய அலுவலர் தன் மகனுக்கு எழுதிய முப்பது அதிகார அறிவுரை அது. அடுத்த வருடம் ஜெர்மன் அறிஞர் அடொல்ஃப் எர்மன், நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தின் நடுவில் தொடங்கும் பகுதி அதற்கு எவ்வளவு நெருக்கமானது என்று எடுத்துக்காட்டினார். ஏழையைப் பறிக்காதே, கோபக்காரனோடு கூட்டுச் சேராதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே ஆகிய மூன்றும் இரண்டு நூலிலும் உண்டு. நீதிமொழிகளிலேயே ஆகூர் என்பவரின் வாக்கும் லேமுவேல் அரசனின் தாயின் புத்திமதியும் வருகின்றன. அவர்கள் இஸ்ரவேலர் அல்லர் என்றே அறிஞர் பலர் கொள்கிறார்கள். இன்னொரு ஞான நூலின் நாயகரான யோபுவும் இஸ்ரவேலுக்கு வெளியே ஊத்ஸ் தேசத்து மனிதர். கடவுளுக்குப் பயந்தவர்கள் அயலவரின் நல்ல நடத்தையைக் கண்டு, அதைத் தங்கள் வேதத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அந்த வழியில்தான் நானும் போகிறேன்.

இயேசுவைப் பற்றி நாம் இரு சமூகத்தாரும் ஒன்றாக நம்பவில்லை. அதை மறைத்துக்கொண்டு நன்றி சொன்னால் அந்த நன்றியில் நேர்மை இராது. நமக்கு நடந்தவற்றையும் நான் மறைக்கப்போவதில்லை. 1990 ஜூனில் கல்முனைத் தமிழர் கொல்லப்பட்டபோது வீடுகளில் எழுந்த அழுகை ஓயவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டபோது எழுந்த அழுகையும் ஓயவில்லை. கல்முனைப் பிரதேச செயலக எல்லையைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் நடக்கிறது. இவற்றுக்கு நடுவில் நின்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

நம்மை ஒன்றாக ஓட வைத்த நாளும் உண்டு: 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமியாய்க் கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது; நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை பேர் சாகவில்லை. மேற்கே வயலை நோக்கி எல்லாரும் ஒரே வீதியில் ஓடினோம். தூரத்து உடன்பிறப்பைவிட அருகிலுள்ள அயலவனே மேல் என்ற நீதிமொழியின் பொருள் அன்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்தது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது சாய்ந்தமருதுக்கு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் தற்கொலைக் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்றவர்கள். நான் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். அந்தக் கிழமை எனக்கு உறக்கமில்லை. ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு, அந்தத் தாக்குதல்காரரின் கூட்டத்தார் சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில் துப்பாக்கிச் சூடும் வெடிப்பும் நடந்தன. அந்த வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள், மாண்டார்கள்.

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் நடமாட்டம் சரியில்லை என்று கண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த இடத்து முஸ்லிம்களே. அவர்கள் தங்கள் உயிரையும் குடும்பத்தையும் பணயம் வைத்தார்கள். கொலைக்கு இழுத்துச் செல்லப்படுகிறவர்களைக் காப்பாற்று, எனக்குத் தெரியாது என்று பிறகு சாக்குச் சொல்லாதே, உள்ளத்தை நிறுக்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்பது நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்துப் புத்தி. எத்தனையோ பேர் தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். வாசலை அடைத்துக்கொண்டு தொழுதுவிட்டுப் படுத்திருக்கலாம். அவர்கள் எழும்பிப் போய்ச் சொன்னார்கள். அன்று சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்து எந்தக் கோயில், எந்தச் சந்தை என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இதற்கு உங்கள் சமூகத்துக்குக் கிடைத்தது என்ன? இரண்டு கிழமை கழித்து, மே மாதத்தில், குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டன. ஹபாயா போட்ட பெண்கள் பஸ்ஸில் ஏறப் பயந்தார்கள். அந்த நாட்களிலும் நீங்கள் கல்முனையில் கடை திறந்து, எங்களுக்கு முள்ளைக் காட்டியே நிறுத்துத் தந்தீர்கள்.

ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறிலும் இறந்தவர்களை நினைத்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். தகவல் சொன்ன அந்த மக்களுக்காகவும் அதே ஜெபத்தில் நன்றி சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். மற்றச் சபைகளும் சொல்ல வேண்டும் என்று இந்த மடல் மூலம் எங்கள் ஐயர்மாரையும் சுவாமிமாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வருகிற மாசியில் ரூத்தின் சரிதையைப் படிப்பிக்கப்போகிறேன். பிள்ளைகளை ஒரு நாள் சம்மாந்துறை வட்டைக்குள் கூட்டிவர இடம் தாருங்கள். நெல் அளந்து ஏழையின் பங்கை ஒதுக்குவதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சாக்குப் பிடிக்கவும் விடுங்கள். எந்தக் கிழமை வசதி என்று சந்தையில் காணும்போது சொன்னால் போதும், வாகனத்துக்கு நாங்கள் ஒழுங்கு செய்துகொள்கிறோம்.


கல்முனையின் ஒரு ஞாயிறு பள்ளி ரீச்சர்