ஒகேனக்கல் போகும் வழியில்... இண்டூர் கேழ்வரகும் வாழைப்பழ பிரெட்டும்!

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், பரிசல், பொரித்த மீன் என்று மனதுக்குள் ஒரு பட்டியலோடுதான் எல்லோரும் பஸ் ஏறுகிறார்கள். தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே வரும் இண்டூரை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

ஆனால், சமையலில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தச் சாலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கேழ்வரகு, சாமை, புளி, மாம்பழம், தக்காளி என விளையும் மாவட்டம் இது. மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் அதிகம். அதனால்தான் நெல்லைவிட கேழ்வரகு இந்த மண்ணுக்கு நெருக்கமான சொந்தம். களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் இங்கே இருக்கிறது.

களியா... வேண்டாம்!

2023-ம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் ரேஷன் கடைகளில், அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. கேழ்வரகைக் கொண்டாடிய மாவட்டத்துக்கே அதை ரேஷனில் கொடுத்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் இதில் கவனிக்க வேண்டும்.

ரேஷன் கேழ்வரகு வீட்டுக்கு வந்துவிடும். அதைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே! இந்த மாவட்டத்தில் அப்பா, அம்மா இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகள் நிறைய. ஆயா கிண்டும் களியைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற பிள்ளை, கடையில் தொங்கும் பாக்கெட் கேக்கை மட்டும் மறுப்பதே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்று சொன்னால் எந்தக் குழந்தையும் தட்டை நீட்டப்போவதில்லை. ருசிதான் பேச வேண்டும்.

அங்கேதான் வாழைப்பழ பிரெட் கைகொடுக்கிறது.

கறுத்த பழத்துக்கு வந்த வாழ்வு

பெயரில் பிரெட் இருந்தாலும் இது கேக் வகைதான். ஈஸ்ட் வேண்டாம், மாவு பொங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். 1930-களில் அமெரிக்கா பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, எதையும் வீணாக்கக் கூடாது என்ற கட்டாயத்தில் இல்லத்தரசிகள் கனிந்து கறுத்த பழங்களைப் பிசைந்து மாவில் சேர்த்தார்கள். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் அப்போது எளிதாகக் கிடைத்ததால் இது வீட்டுக்கு வீடு பரவியது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

நமக்கும் இது அந்நியமில்லை. கார்த்திகைக்கு அப்பம் சுடும்போது மாவில் வாழைப்பழம் பிசைந்து சேர்ப்பவர்கள் உண்டு. மங்களூர் பன்னும் கனிந்த வாழைப்பழத்தில் பிறந்ததுதான். 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு செய்த கிறிஸ்துமஸ் கேக்கில், வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த உள்ளூர் மது கலக்கப்பட்டது என்று சொல்வார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழநி பஞ்சாமிர்தம், அடுப்பே இல்லாமல் வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் சேர்த்துவைத்த அதிசயம். ஆக, கேழ்வரகு வாழைப்பழ பிரெட்டைப் பார்த்து `இது நம்ம அப்பந்தானே கண்ணு?' என்று ஒரு ஆயா கேட்டால், அதில் பாதி உண்மை இருக்கிறது.

அதியமான் ஊரின் பானக வாசனை

வெல்லத்துக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றின் 99-வது பாடலில் ஔவையார் குறிப்பிடுகிறார். இன்றும் பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது.

வெல்லம், புளி, சுக்கு, ஏலக்காய்... இந்த நான்கும் சேர்ந்தால் பானகம். அந்த வாசனையை அப்படியே பிரெட்டுக்குள் கொண்டுவரலாம். வெனிலா எசென்ஸ் தேடி டவுனுக்குப் போக வேண்டியதில்லை. புளிக்கு இங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. அதன் புளிப்பு சமையல் சோடாவோடு சேரும்போது வாயு உண்டாகும். அதுதான் மாவை உப்பவைக்கிறது.

தேவையானவை

கறுக்கக் கனிந்த பூவன் பழம் - 5 (மசித்தால் ஒரு கப்), கோதுமை மாவு - ஒரு கப், கேழ்வரகு மாவு - அரை கப், பொடித்த வெல்லம் - முக்கால் கப், எண்ணெய் - கால் கப்புக்குச் சற்று அதிகம், தயிர் - கால் கப், கெட்டிப் புளிக்கரைசல் - ஒரு டீஸ்பூன், சமையல் சோடா - முக்கால் டீஸ்பூன், சுக்குப்பொடி - அரை டீஸ்பூன், ஏலக்காய் - 4, உப்பு - ஒரு சிட்டிகை, வறுத்த வேர்க்கடலை - ஒரு கைப்பிடி.

செய்முறை

கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை போக வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். பழம், வெல்லம், எண்ணெய், தயிர், புளிக்கரைசல் ஆகியவற்றை வெல்லம் கரையும்வரை அடித்துக் கலக்குங்கள். மாவு வகைகள், சோடா, உப்பு, சுக்கு, ஏலக்காயைச் சலித்துச் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் பிரெட் ரப்பராகிவிடும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, மேலே வேர்க்கடலையைத் தூவுங்கள்.

ஓவன் இல்லையா? அடி கனமான பழைய குக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு வையுங்கள். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு மூடி, 10 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, குறைந்த தீயில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.

இதையும் கவனிங்க...

கேழ்வரகில் கோதுமையைப் போன்ற பசைத்தன்மை கிடையாது. `சத்துதானே' என்று முழுக்கக் கேழ்வரகு மாவே போட்டால் பிரெட் உதிர்ந்துவிடும். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எனவே, கற்பூரவள்ளி போன்ற இனிப்பான பழம் என்றால் வெல்லத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஏற்றதல்ல. தினசரி உணவாகவும் வேண்டாம். களிக்கு மாற்றாகவும் வேண்டாம். களியை மறந்த நாக்குக்குக் கேழ்வரகை மறுபடி அறிமுகப்படுத்தும் முதல் துண்டு, அவ்வளவுதான். அந்தப் பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் பழகிவிட்டால், அடுத்து கேழ்வரகு அடை, புட்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைக்கலாம்.

இந்த பிரெட் செய்த அன்றைவிட மறுநாள் இன்னும் ருசிக்கும். வெளியே வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை பெங்களூரு பஸ் ஏறும் அம்மா, அப்பாவின் பையிலும் இரண்டு துண்டு வைத்து அனுப்பலாம்.

அடுத்த முறை ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது, மீன் வறுவலோடு பயணத்தை முடித்துவிடாதீர்கள். வழியில் ஒரு கிலோ கேழ்வரகும் கொஞ்சம் புளியும் வாங்கி வாருங்கள். வாழைப்பழம் வீட்டிலேயே கனிந்துகொண்டிருக்கும்!