கையேட்டில் எஞ்சிய சொல்

அச்சில் ஏறிய ஒரு சொல்லை நீக்குவது, அதனை எழுதுவதிலும் பார்க்கக் கடினமானது. முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைப் பணியில் நான் கற்றுக்கொண்ட இப்பாடத்தை அண்மையில் எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு கணினிக் கையேடு.

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். எனது பழைய கணினியில் ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை நிறுவித்தந்த மருமகன், வட்டுகளின் விபரம் எழுதப்படும் கோப்பில் ‘சொஃப்ட்டெப்’ என்றொரு சொல்லையும் சேர்த்தான். “மாமா, இது இருந்தால் கெதியா எழுதும். கரண்ட் போனாலும் ஒழுங்கு குலையாது” என்றான்.

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதன் பெயர், இருப்பிடம் முதலான குறிப்புகளும் வட்டில் எழுதப்படவேண்டும். அவை முன்பின்னாக எழுதப்பட்டு, இடையில் மின்சாரமும் நின்றுவிட்டால், அட்டவணையில் பெயர் இருக்கும்; கோப்பு இராது. ஒவ்வொரு குறிப்பும் எழுதிமுடியும்வரை காத்திருந்தாலோ வேகம் குறையும். எதன்பின் எது என்பதை நினைவகத்தில் கணக்குவைத்து, காத்திராமலே முறைப்படி எழுதும் உத்தியைக் கிரெகரி கேங்கரும் யேல் பற்றும் 1990களில் முன்வைத்தனர். அதனைப் பி.எஸ்.டி.க்குக் கொண்டுவந்தவர் மார்ஷல் கேர்க் மக்கியூசிக்.

2023 ஒக்ரோபரில் வெளியான ஓப்பன் பி.எஸ்.டி. 7.4ஆம் பதிப்பில் அவ்வசதி செயலிழக்கச் செய்யப்பட்டது. கோப்புமுறைமையில் செய்யவேண்டியிருந்த வேறு மேம்பாடுகளுக்கு அது தடையாக இருந்ததே காரணம். ஆயினும் அந்தச் சொல்லைப் பிழையென்று கணினி நிராகரிக்கவில்லை; பொருட்படுத்தாமல் கடந்து சென்றது. நிராகரித்திருந்தால் என் போன்றோரின் கணினிகள் தொடங்கும்போதே நின்றிருக்கும். எனக்குப் பெருந்தீங்கும் நேரவில்லை. காத்திருந்து எழுதும் பழைய வழிக்கு அது திரும்பியிருந்தது. ஆனால், இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கையேட்டைத் திருத்துபவரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ‘மவுண்ட்’ கட்டளையின் பக்கத்தில் ஒரு பந்தியை மாற்றினால் மட்டும் போதாது. உதாரணங்களில், எச்சரிக்கைகளில், வேறு பக்கங்களின் குறுக்குக் குறிப்புகளில் அச்சொல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும். இணையத்திலுள்ள பழைய கட்டுரைகள் இன்னமும் அதனைப் பரிந்துரைக்கின்றன. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் அதே உத்தி தொடர்ந்தும் இருப்பதால், அங்கே சரியான ஆலோசனை இங்கே பிழையாகிறது. எனவே, அந்தந்தப் பதிப்போடு வரும் கையேடே இறுதிச் சாட்சி. யுனிக்ஸின் முதலாவது கையேடு 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டளையின் குறைகளையும் அதே பக்கத்தில் ஒப்புக்கொள்ளும் மரபு அதிலேயே உண்டு. பத்திரிகைகள் பொறாமைப்பட வேண்டிய மரபு அது!

தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் அவசரத் தொலைபேசி இலக்கங்களை நாள்தோறும் ஒரு பெட்டிக்குள் வெளியிட்டுவந்தோம். அம்புலன்ஸ் சேவையொன்றின் இலக்கம் மாறியபோது அதனைச் செய்தியாக வெளியிட்டவன் நானே. பெட்டிக்குள் பழைய இலக்கத்தைத் திருத்தச்சொல்ல மறந்தவனும் நானே. இரு வாரங்களின் பின்னர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, மடித்த பத்திரிகையை என் மேசையில் விரித்தார். நள்ளிரவில் மனைவிக்கு நெஞ்சுவலி கண்டபோது அந்தப் பெட்டியைப் பார்த்தே அழைத்திருக்கிறார். பின்னர் அயலவரின் வாகனத்தில் கொண்டுசென்றதால் அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் போட்டதை நம்பித்தானே ஐயா எடுத்தனான்” என்று மட்டும் சொன்னார்.

மாற்றத்தை அறிவித்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணியிருந்தேன். அவசர வேளையில் மனிதர் தேடுவது நேற்றைய செய்தியை அல்ல, கைக்கெட்டிய பெட்டியைத்தான். கையேடும் அத்தகையதே. சிக்கல் நேரும்வரை எவரும் அதனைப் புரட்டுவதில்லை, புரட்டுபவர் ஐயுறுவதுமில்லை.

புதிய பக்கத்தைப் படித்த அன்றே என் கோப்பிலிருந்து அச்சொல்லை அழித்தேன். அதன்பின், பெயர் தெரியாத அந்தத் திருத்துநருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.