நாணில் ஒரு துவாரம்

விஜயவாடாவில் வில்வித்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜோதி சுரேகா வென்னத்தின் பெயர் வராமல் அந்தப் பேச்சு முடிவதில்லை. 2023ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த உலக சாம்பியன்ஷிப் போட்டியில், கம்பவுண்ட் வில் பிரிவின் மகளிர் அணி தங்கம் வென்று, உலக வில்வித்தை சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்கு முதல் தங்கம் என்ற கீர்த்தியைத் தேடித் தந்தபோது, அந்த மூவரில் ஒருவராக நின்றவர் அவர்; அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர், மகளிர் அணி, கலப்பு அணி என மூன்று தங்கங்களையும் வென்று திரும்பினார். 2028ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டிக்கும் இடம் உண்டு என்று முடிவான பிறகு, இவ்வூர்ப் பயிற்சித் திடல்களில் விடியற்காலையிலேயே பிள்ளைகள் வில்லும் கையுமாக வந்து நிற்கிறார்கள். ஆனால் நான் பார்க்கப் போனது வில்லாளிகளை அல்ல. அவர்களுடைய வில் தடுமாறும்போது அதன் நோயை நிதானமாக ஆராய்ந்து தீர்த்துவைக்கும் ஒரு தொழிலாளியை.

திடலின் ஓரத்தில், தகரக் கூரை வேய்ந்த சிறிய அறை அவருடைய பட்டறை. வில்லின் இரு கைகளையும் மெல்ல அழுத்தி நாணைத் தளரச் செய்யும் இரும்புப் பிரஸ் ஒன்று, வில்லைப் பிடித்து நிறுத்தும் பிடிப்புக் கருவி, மெழுகு பூசிய நூல்கண்டுகள், ஆலன் கீக்கள், பக்கங்கள் மடங்கிப் பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகம்: இவ்வளவே அவருடைய ஆஸ்தி. இளமையில் மூங்கில் வில்லில் அப்பியாசம் செய்தவர். தோள்பட்டைக் காயத்துக்குப் பின் எய்வதை விட்டாலும் வில்லை விட மனமில்லாமல் இந்த வேலையில் அமர்ந்துவிட்டார். பிள்ளைகள் அவரைப் ‘பாபாய்’, அதாவது சித்தப்பா, என்று அழைக்கிறார்கள்.

கம்பவுண்ட் வில் இயந்திர நூற்றாண்டின் சிருஷ்டி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் இதற்குக் காப்புரிமை கோரி 1969இல் பெற்றார். வில்லின் இரு நுனிகளிலும் அச்சு விலகிய சக்கரங்கள், அதாவது கேம்கள், சுழல்வதால், நாணை முழுவதும் இழுத்தபின் கையில் தங்கும் பாரம் உச்ச பாரத்தில் நாலில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடுகிறது. சர்வதேசப் போட்டிகளில் உச்ச பாரம் 60 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாரம் குறைந்த அந்தச் சில விநாடிகளில் வில்லாளி அவசரமின்றிக் குறி பார்க்க முடிகிறது. அதற்காகவே நாணின் இழைகளுக்கு நடுவே ‘பீப்’ எனும் சிறு துவார வளையமும், வில்லின் முன்புறம் கண்ணாடி வில்லையும் நீர்க்குமிழி மட்டமும் கொண்ட ‘ஸ்கோப்’பும் பொருத்தப்படுகின்றன. பீப்பின் வட்டத்துக்குள் ஸ்கோப்பின் வட்டம் சமமாக அடங்கி, அதன் மையப் புள்ளி மஞ்சள் இலக்கில் நிற்க வேண்டும்.

இதன் சூக்ஷ்மத்தை உணர ஒரு கணக்குப் போதும். பீப்புக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் என்று கொண்டால், பீப் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் அம்பு ஐந்தரை சென்டிமீட்டர் விலகிப் போகும். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவோ எட்டு சென்டிமீட்டர், மையத்திலிருந்து நான்கே. ஆகவே ஒரு மில்லிமீட்டர் பிசகில் பத்து ஒன்பதாகிவிடுகிறது. ஒரு மதிப்பெண்ணில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது.

நான் போயிருந்த சமயம் பதினாறு வயதிருக்கும் ஒரு பெண் கலங்கிய முகத்துடன் வில்லைக் கொண்டுவந்தாள். அம்புகள் நாளுக்கு நாள் மேலே ஏறுகின்றனவாம். 30 மீட்டரில் நேராகப் போகும் அம்பு 50 மீட்டரில் வலப்புறம் சாய்கிறதாம். அம்பு போன திசையிலேயே ஸ்கோப்பை நகர்த்து என்பது இத்துறையின் பாலபாடம் அல்லவா? அவளும் தினந்தோறும் ஸ்கோப்பை ஏற்றி ஏற்றிப் பார்த்ததில், தூரத்துக்குத் தூரம் குறித்து வைத்திருந்த அளவுகள் எல்லாம் பயனற்றுப் போயின.

“ஸ்கோப்பில் கை வைக்காதே, தல்லி. அது கடைசி” என்றார் அவர்.

அந்தக் கட்டளையில்தான் இத்தொழிலின் தர்மமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. பிழை வெளிப்படும் இடம் ஸ்கோப்பாக இருக்கலாம். பிழை வசிக்கும் இடம் அநேகமாக வேறு. முதலில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அவளுடைய வில்லின் அச்சுக்கு அச்சு நீளத்தையும் கேம்களின் குறிகளையும் பழைய அளவுகளோடு ஒப்பிட்டார். இவ்வூர் வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் வில்லின் நாண் நீண்டுபோவது சகஜம். நாண் நீளவில்லை, கேம்களும் ஒத்தே சுழன்றன என்று நிச்சயமான பிறகு, இலக்கு மெத்தைக்குச் சில அடி தூரத்தில் அவளை நிறுத்தி, அம்பு பூட்டி, கண்களை மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னார். அம்பில்லாமல் நாணை விட நேர்ந்தால் வில் சிதறிவிடுமாகையால், சோதனைக்கும் அம்பு கட்டாயம். தாடையில் கை வழக்கமான இடத்தில் அமர்ந்தபின் கண்ணைத் திறக்கச் சொல்லி, “என்ன தெரிகிறது?” என்று கேட்டார்.

“வட்டமாக இல்லை, பாபாய். முட்டை மாதிரி. அதுவும் கண்ணுக்கு மேலே நிற்கிறது.”

இரண்டு பிழைகள் ஒரே வாக்கியத்தில் வெளிவந்தன. வில்லைப் பிரஸில் ஏற்றி நாணைத் தளர்த்தியதும் அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இருபத்துநான்கு இழைகளில் பன்னிரண்டு கறுப்பு, பன்னிரண்டு சிவப்பு. பீப்பின் இருபுறமும் நிறம் பிரிந்து நிற்க வேண்டியது. ஒரு சிவப்பு இழை மட்டும் கறுப்புப் பக்கம் தாவியிருந்தது. அந்த ஓர் இழையின் பாரபட்சத்தால், இழுக்கும்போதெல்லாம் பீப் கண்ணுக்கு நேராகத் திரும்பாமல் பக்கவாட்டில் நின்றது. பீப்பை மேலும் கீழும் கட்டிவைக்கும் முடிச்சும் தளர்ந்து, அது மேல்நோக்கி நழுவிக்கொண்டே வந்திருக்கிறது. பீப் ஏறினால் அம்பும் ஏறும். எந்தக் கடையிலோ அவசரமாகப் பொருத்திய வேலை.

இழையை அதன் பக்கம் சேர்த்து, பழைய அளவுக்குப் பீப்பை இறக்கி, புதிய நூலால் அவர் முடிச்சுப் போட்ட விதத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன். ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு ஒட்டி, விரல் நகத்தால் நெருக்கி, நூலின் இரு முனைகளையும் பல்லைக் கடித்து இழுத்து இறுக்கினார். பிறகு நாணுக்கும் நூல்முனைக்கும் நடுவே இரும்பு அளவுகோலைத் தடுப்பாகச் செருகி, லைட்டரின் சுடரை ஒரு கணம் காட்டினார். நூல்முனை உருகிக் கடுகளவு மணியாகத் திரண்டு நின்றது. அந்தச் சுடர் நாணின் ஓர் இழையைத் தீண்டியிருந்தாலும் நாண் முழுவதும் வீண். பலமுறை இழுத்துப் பார்த்ததில் பீப் இன்னும் சற்றே திரும்பி நிற்க, நாணின் கீழ் முனையில் அரை முறுக்கு ஏற்றினார். வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

வலப்புறச் சாய்வு மிஞ்சியிருந்தது. ஆணியில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நூலுக்கு நாண் இணையாக நிற்கும்படி வில்லைப் பிடிப்பில் பூட்டினார். வில் செங்குத்தாக நின்றும் ஸ்கோப்பின் நீர்க்குமிழி மையத்தில் இல்லை. பயணத்தில் எங்கோ இடிபட்டிருக்க வேண்டும். குமிழியை நம்பிய பெண், தன்னை அறியாமலே வில்லை வலப்புறம் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். தூரம் கூடக் கூட அம்பின் விலகலும் பெருகியிருக்கிறது. திருகைத் தளர்த்திக் குமிழியை மையத்துக்குக் கொண்டுவர அதிக நேரம் பிடிக்கவில்லை.

பதக்கம் வாங்குகிறவரின் பெயர் அச்சேறும் பத்திரிகைகளில் இத்தகைய மனிதர்களின் பெயர் வருவதில்லை என்பது எனக்கு மெய்யான வருத்தம். ஒவ்வொரு பயிற்சிக் கூடமும் பயிற்சியாளருக்கு நிகரான மரியாதையோடும் சம்பளத்தோடும் இப்படி ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றே நான் கருதுகிறேன். பிள்ளைகள் தங்கள் கையை நொந்துகொண்டு வீணாக்கும் வாரங்களாவது மிஞ்சும்.

அம்பு பூட்டும் இடத்திலிருந்து பீப் வரையுள்ள உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, தேதியிட்டு, முறுக்கின் எண்ணிக்கையோடு நோட்டில் எழுதிக்கொண்டார். அதே அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்து, நாளைக் காலை வெயில் ஏறுமுன் 30 மீட்டரில் தொடங்கி 50 வரை எய்து வரும்படியும், அதற்கு முன் பழைய ஸ்கோப் குறிகள் எல்லாவற்றையும் அழித்துவிடும்படியும் சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அடுத்த பையனின் வில்லைக் கை நீட்டி வாங்கினார்.