அடங்கிய நுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பங்கில் கோடைகால உதவிக் குருவாகத் தங்கியிருந்தேன். அங்குக் கோவில்பிள்ளையாக இருந்த முதியவர், தம் வீட்டு நிலவறையில் பீர் தயாரிப்பார். முளைகட்டிய பார்லிச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. நுரை அடங்கியிருந்தது. "நொதித்தல் முடிந்துவிட்டதே, புட்டிகளில் அடைக்கலாமே" என்றேன். அவர் பதில் கூறாமல் தம் உள்ளங்கையிலிருந்த வடுவைக் காட்டினார். முன்பு அவசரப்பட்டு அடைத்த புட்டி ஒன்று வெடித்ததன் அடையாளம் அது.

பின்னர்ச் சிறிது சாற்றை எடுத்து, அதில் திரவமானியை மிதக்கவிட்டார். சர்க்கரை மிகுந்திருந்தால் அக்கருவி உயர்ந்து நிற்கும். சர்க்கரை மதுசாரமாக மாற மாறத் தாழும். முதல் நாள் 1.050 எனக் காட்டியது, அன்று 1.020. வேலை இன்னும் முடியவில்லை! அடுத்த வாரம் 1.012, இரு நாள் கழித்தும் அதே 1.012. அதன் பின்னரே புட்டிகளைக் கழுவத் தொடங்கினார்.

என் பழைய பங்கில் நிலத்துக்காகப் பிணங்கிய சகோதரர் இருவரை நினைத்துக்கொண்டேன். அவர்களது கூச்சல் அடங்கியதும், சமாதானமாயிற்று என்று மகிழ்ந்து திரும்பினேன். ஆறே மாதத்தில் வழக்குமன்றம் ஏறினார்கள். ஓசை அடங்கியதை நான் கேட்டேன். உள்ளே எஞ்சியிருந்ததை அளக்கவில்லை.