யாழ்ப்பாணத்துப் பழைய மோட்டார் வண்டிகள்

குடாநாட்டுக்குச் செல்வோர் நல்லூரைத் தரிசித்து, கீரிமலையில் நீராடித் திரும்புவது வழக்கம். அங்கே காணத்தக்க வேறொன்றும் உண்டு. வளவுக் கொட்டில்களில் நிற்கும் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே அவை. தெற்கிலிருந்து விலை கேட்டு வருவோர் உளர். தம்மிடமுள்ளதன் மதிப்பை அறியாமலே கொடுத்துவிடுவோரும் உளர்.

ஒஸ்ரின் ஏ-40 'சோமசெற்' வண்டியை எடுத்துக்கொள்வோம். 1952 முதல் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் உற்பத்தியான வகை இது. இயந்திரம் 1200 சி.சி. கொண்டது. முதலில் இலக்கத் தகட்டைப் பார்க்க வேண்டும். சிங்கள 'ஸ்ரீ' 1957இல் புகுமுன் பதிவானவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருக்கும். அந்த 'ஸ்ரீ'யை எதிர்த்து 1958இல் கிளர்ச்சி நடந்த பூமியல்லவா இது? தகடும் ஒரு சாசனமே. இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் அவசியம்.

அடுத்தது துரு. சோமசெற்றின் உடல் தனியான அடிச்சட்டத்தின்மீது அமர்ந்தது. சட்டம் உறுதியாயின் உடலைச் செப்பனிடலாம். மொறிஸ் மைனருக்குத் தனிச்சட்டம் இல்லை. அடித்தளத் தகடு உக்கினால் வண்டியின் பலமே போயிற்று. கடற்காற்று வீசும் ஊரில், நிலத்திற் படுத்து அடிப்புறம் பாராமல் விலை பேசலாகாது.

யாழ்ப்பாணத்து வண்டிக்கே உரிய சோதனை ஒன்றுண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அமுக்க விகிதம் குறைந்தவையாதலால் பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, கீழிறங்கி இயந்திர எண்ணெயையும் நீர்க்கச் செய்தது. வளையங்கள் தேய்ந்தன. ஆகவே நீலப்புகை வருகிறதா என்று பார்ப்பதோடு, நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் தனித்தனியே அளந்தறிதல் வேண்டும்.

உதிரிப்பாகம் வராத அக்காலத்தில் உள்ளூர்ப் பட்டறைகளில் கடைந்து பூட்டிய உறுப்புகளும் பல வண்டிகளில் உள்ளன. அசல் அல்லவென்று வாங்குபவர் விலையைக் குறைப்பார். அது சந்தை நியாயம். எமக்கோ அவை வண்டியின் வரலாறாகவே படுகின்றன. கழற்றிய அசல் உறுப்புகள் பெட்டியில் இருந்தால் எறியாது வண்டியோடு கொடுக்கலாம்.

விற்குமுன் புது வர்ணம் பூசுவது வீண்செலவு. அடியில் என்ன மறைந்துள்ளதோ என்ற ஐயத்தையே அது எழுப்பும். கதவுத் தூணிலிருந்து கைபோல் வெளிநீளும் பழைய சமிக்ஞைக் கரங்கள் இரண்டும் இன்னும் இயங்குமாயின், சற்றுக் கூடுதலாகவே கேட்கலாம்.