ஜூலியின் தவக்காலம்

அன்பு என்றால் அள்ளிக் கொடுப்பது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியன்று என எங்களுக்குக் கற்பித்தவள், எங்கள் விடுதியின் காவல்காரியான லாப்ரடார் நாய் ஜூலி.

மாலை ஜெபமாலை முடிந்ததும் அவள் உணவறை வாசலில் வந்து உட்காருவாள். ஒருத்தி பிஸ்கட் கொடுப்பாள். மற்றொருத்தி வீட்டிலிருந்து வந்த முறுக்கு. நாங்கள் நாற்பது பேர். அவளுக்கோ வயிறு ஒன்றுதான்! திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் பூனையைத் துரத்தியவள், பின்னங்காலைத் தூக்கியபடி திரும்பினாள். முழங்கால் எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் ஜவ்வு அறுந்துவிட்டது. சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்து, சற்றே திருப்பி, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தினார்கள்.

மூட்டுக்குப் பலம் தரும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்க நாங்கள் மிட்டாய்க் காசைச் சேர்த்தோம். தையல் பிரிக்கும் நாளில் வார்டன் சிஸ்டர் எங்களில் இருவரை உடன் அழைத்துச் சென்றார்கள். காசைக் கண்ட டாக்டர் அம்மா புன்னகைத்தார்கள்.

"பிள்ளைகளே, அது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது. அதனால் நாயின் மூட்டுவலி குறைவதாகத் தெரியவில்லை என்றே 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3க்குச் சற்றுப் பலன் உண்டு. அளவை நான் எழுதித் தருகிறேன். ஆனால் எந்த மாத்திரையும் அறுத்த எலும்பை ஒட்டவைக்காது."

தன்னிடமிருந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையைத் தரலாமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கூடாதாம். அதிலுள்ள வைட்டமின் ஏ, டி அளவு மீறினால் நஞ்சாகுமாம். மனிதருக்கான வலி மாத்திரையும் ஆகாதாம்.

பிறகு ஜூலியை எடை போட்டார்கள்: 36 கிலோ. "28 இருக்க வேண்டியவள். எடை மட்டுமே காரணமன்று, ஆனால் பெருங்காரணங்களில் ஒன்று" என்றார்கள். நாங்கள் தலைகுனிந்தோம். 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுதும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார்கள். கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்ததாம்.

அன்றே விடுதியில் சட்டம் பிறந்தது: அளந்த உணவு, அளந்த மீன் எண்ணெய்; எட்டு வாரம் ஓட்டமில்லை, படியேற்றமில்லை; வாரைப் பிடித்தபடி சிறு நடை மட்டும். மிஞ்சிய காசு தவக்கால உண்டியலுக்குப் போயிற்று. உணவறை வாசலில் அவள் எங்களை அண்ணாந்து பார்க்கும்போது கையை மூடிக்கொள்வது எத்தனை கடினம்! சிலர் அழுதும்விட்டோம். எங்கள் தவக்காலம் உயிர்ப்பு ஞாயிறோடு முடிந்தது, அவளுடையது முடியவில்லை.

கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதம் நாங்கள் திரும்பினோம். வாயிற்கதவருகே 31 கிலோ ஜூலி நான்கு கால்களையும் ஊன்றி நின்று வாலாட்டினாள். எங்கள் கைகளை முகர்ந்தாள், அவற்றில் ஒன்றுமில்லை. ஆயினும் எங்களோடு மாதா கெபிவரை நடந்து வந்தாள். கொடாதிருப்பதும் அன்பே என்று அன்று உணர்ந்து, இறைவனுக்கு நன்றி சொன்னோம்.

— பத்தாம் வகுப்பு விடுதி மாணவியர்